நடுநிலைப் பள்ளியில் 8-ம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு என்.எம்.எம்.எஸ். (தேசிய வருவாய் வழி மற்றும் திறன்) உதவித்தொகை கிடைக்குமா? எப்படித் தயார் செய்வது?

கிடைக்கும். அரசு, உள்ளாட்சி அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்க வேண்டும். பெற்றோர் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. 7-ம் வகுப்பில் 55% மதிப்பெண் (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 50%) வேண்டும். தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய்.

இதற்கான தேர்வில் இரண்டு தாள்கள்: மனத்திறன் தாளில் 90 கேள்வி, பாட அறிவுத் தாளில் 90. இரண்டாவதில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணிதம் 20. பாடப் பகுதி பிள்ளைகளுக்குப் பழக்கமானதுதான். எண் தொடர், குறியீடு, திசை, கண்ணாடி பிம்பம் போன்ற மனத்திறன் கணக்குகள் வகுப்பில் வருவதில்லை. ஒவ்வொரு தாளுக்கும் 90 நிமிடத்தில் 90 கேள்வி என்பதால் ஒன்றிலேயே சிக்கி நிற்பவர்கள்தான் கோட்டை விடுகிறார்கள். கடிகாரம் வைத்துப் பழைய வினாத்தாள்களைப் போடச் சொல்லுங்கள். தெரியாததைத் தாண்டிப் போகும் பழக்கம் அப்படித்தான் வரும்.

தேர்வான பிறகும் பணம் நின்றுபோவது உண்டு, அதுதான் மனதை உறுத்துகிறது. நடுநிலைப் பள்ளி 8-ம் வகுப்போடு முடிவதால் பிள்ளை வேறு பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். அங்கே தனியார் பள்ளியில் சேர்த்தால் உதவித்தொகை போச்சு. ஆதார், பள்ளிப் பதிவு, வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் முதலெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.