‘நாளைக்கு வரேன் மாஸ்டர்!’

இந்த முறை பெர்சனல் டிரெய்னர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மட்டும் பதில். பணம் கட்டிச் சேர்ந்தவரைத் தொடர்ந்து வரவைப்பது எப்படி என்பதைத்தான் பலரும் பலவிதமாகக் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்பவர்கள் எங்கள் உடற்பயிற்சி ஆலோசனைக் குழுவினர்.

கேள்வி: புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரம் உற்சாகமாக வருகிறார்கள். மூன்றாவது வாரத்தில் ஆளையே காணோம், போன் செய்தாலும் எடுப்பதில்லை. எங்கே தப்பு நடக்கிறது?
– டிரெய்னர், கோவை

முதல் நாள் என்ன செய்யவைத்தீர்கள் என்று உங்கள் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ‘மாஸ்டர் செமயா வேலை வாங்குறார்’ என்று பெயர் எடுக்கும் ஆசையில், முதல் வகுப்பிலேயே லஞ்ச் (lunge, ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கி இறங்குவது) நாலு செட், ஸ்க்வாட் (உட்கார்ந்து எழுவது) நாலு செட் என்று போட்டுத் தாக்குகிற வழக்கம் நம் ஜிம்களில் பரவலாக இருக்கிறது. அந்தத் தசைவலி உடனே தெரியாது. 12 முதல் 24 மணி நேரத்தில் ஆரம்பித்து, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். திங்கட்கிழமை சிரித்துக்கொண்டே போனவர் புதன்கிழமை மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அடுத்த வகுப்பு என்றாலே அந்த வலிதான் ஞாபகத்துக்கு வரும். போனை எடுக்காததற்குப் பாதிக் காரணம் பயம், மீதி வெட்கம்.

எடையைத் தாங்கியபடி தசை நீளும்போதுதான் இந்த வலி அதிகம் உண்டாகிறது: ஸ்க்வாட்டில் கீழே இறங்கும் பகுதி, லஞ்ச், ருமேனியன் டெட்லிஃப்ட் (இடுப்பிலிருந்து குனிந்து எடையைத் தொடையோரமாக இறக்கி ஏற்றுவது). ஆகவே முதல் வாரத்தில் லஞ்ச் வேண்டாம். ஐந்து அல்லது ஆறு பயிற்சிகள், ஒவ்வொன்றிலும் இரண்டே செட், 8 முதல் 10 ரெப்ஸ் (ஒரு செட்டில் திரும்பத் திரும்பச் செய்யும் எண்ணிக்கை). ‘இன்னும் நாலு ரெப்ஸ் போட்டிருக்கலாமே’ என்று தோன்றும்போது நிறுத்திவிடுங்கள். லேசான வலி வரும், வரட்டும். ஒருமுறை பழகிய தசைக்கு அதே பயிற்சி அடுத்த முறை அவ்வளவு வலிக்காது, அந்தப் பாதுகாப்பு சில வாரங்களுக்கு நீடிக்கும். இரண்டாம் வாரத்தில் மூன்றாவது செட், நான்காம் வாரத்தில் லஞ்ச் என்று படிப்படியாகக் கூட்டினால் யாரும் ஓடமாட்டார்கள்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அளவு மீறி வேலை வாங்கிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ தசை வீங்கி, கடுமையாக வலித்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது சாதாரண வலி கிடையாது. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

இன்னொரு விஷயம், மூன்றாவது வாரத்தில் கண்ணாடியில் எந்த மாற்றமும் தெரியாது. முதல் சில வாரங்களில் கூடுகிற பலம் பெரும்பாலும் நரம்புகள் தசையை நன்றாக இயக்கப் பழகுவதால் வருவது. தசை பருப்பது கண்ணுக்குத் தெரியப் பல வாரங்கள் ஆகும். ஆனால் நோட்டில் மாற்றம் தெரியும். முதல் நாள் 8 கிலோ டம்பெல்லை நெஞ்சோடு பிடித்து ஸ்க்வாட் போட்டவர் நான்காவது வாரம் 14 கிலோவில் போடுகிறார் என்றால், அந்த இரண்டு வரிகளையும் அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வாயால் ‘சூப்பர், சூப்பர்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பதைவிட அது பல மடங்கு வேலை செய்யும். கிளையண்டுக்கு நோட்டு போடாத டிரெய்னர் எண்ணிக்கை மட்டும் சொல்கிறவர்; அதற்கு ஒரு ஆப் போதும்.

கேள்வி: ஆறு வாரமாக ஒழுங்காக வருகிற கிளையண்ட். 74 கிலோவில் சேர்ந்தார், இன்றும் 74 தான். ‘இனிமே எதுக்கு மாஸ்டர்’ என்கிறார். என்ன சொல்வது?
– பெண் டிரெய்னர், மதுரை

முதலில் அவர் எப்படி எடை பார்க்கிறார் என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை காலையில் மெஷினில் ஏறினால் ஒரு கிலோ கூடத்தான் காட்டும். உடலில் சேமிப்பாகும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் (மாவுச்சத்தை உடல் சேர்த்துவைக்கும் வடிவம்) சுமார் 3 கிராம் தண்ணீர் சேரும்; உப்பும் தன் பங்குக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. ஒரு தட்டு பிரியாணியில் அது வராது என்ற கணக்கை அவர் எதிரிலேயே போட்டுக் காட்டுங்கள்.

பிறகு முறையை மாற்றுங்கள். காலையில் கழிவறை போய்வந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன் எடை. ஏழு நாள் எடையைக் கூட்டிச் சராசரி எடுத்து, அதைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். மாதவிடாய் நாட்களை ஒட்டித் தண்ணீர் கோத்துக்கொள்வதால், பெண்களுக்கு இந்தச் சுழற்சியின் முதல் வாரத்தைப் போன சுழற்சியின் முதல் வாரத்தோடு ஒப்பிடுவதே நியாயம். எடை பார்த்தாலே மனசு உடைந்துபோகிறவர்களுக்கு இது வேண்டாம். டேப் போதும்.

டேப்பைத் தொப்புளுக்கு மேலே தோன்றிய இடத்தில் சுற்றினால் ஒவ்வொரு தடவையும் ஓர் அளவு வரும். கடைசி விலா எலும்பின் அடிப்பகுதிக்கும் இடுப்பெலும்பின் மேல்பகுதிக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சு விட்ட நிலையில், இறுக்காமல் எடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே டேப், அதே நேரம். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை என்பது மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவு. எடை 74-லேயே நின்று இடுப்பு 3 செ.மீ. குறைந்திருந்தால் அவருடைய உழைப்பு வீண்போகவில்லை.

இடுப்பும் குறையவில்லையா? அப்படியானால் சமாதானம் சொல்லாதீர்கள், சாப்பாட்டைப் பேசுங்கள். ஒரு மணி நேர வெயிட் டிரெய்னிங்கில் 70 கிலோ ஆளுக்குச் செலவாவது சுமார் 250 முதல் 400 கலோரிதான். ஜிம் வாசலில் இரண்டு வடையும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். மூன்று நாள் சாப்பிட்டதை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். திட்டாமல் பார்த்து, ஒரே ஒரு மாற்றம் மட்டும் சொல்லுங்கள். எதையும் நிறுத்தச் சொல்வதைவிட எதையாவது சேர்க்கச் சொல்வது எளிதில் நடக்கும்: காலை இட்லியோடு இரண்டு முட்டை, அல்லது ஒரு கிண்ணம் சுண்டல்.

கேள்வி: உற்சாகம் வர நான் தினமும் வாட்ஸ்அப்பில் மோட்டிவேஷன் வீடியோ அனுப்புகிறேன். பயன் உண்டா?
– டிரெய்னர், திருச்சி

இல்லை. இரண்டாம் வாரமே மியூட்டில் போட்டுவிடுவார்கள்.

கேள்வி: என்னிடம் வரும் ஐ.டி. ஆட்களின் பிரச்னை, வாரத்துக்கு இரண்டு தடவை கடைசி நேரத்தில் கேன்சல். ‘மீட்டிங் மாஸ்டர், நாளைக்கு வரேன்.’ கோபப்பட்டால் போய்விடுவார்கள், விட்டுவிட்டால் பழகிவிடுவார்கள்.
– டிரெய்னர், சோழிங்கநல்லூர்

பணம் வாங்கும்போதே விதியைச் சொல்லிவிட்டால் கோபப்பட வேண்டிய அவசியமே வராது. 12 வகுப்பு என்றால் ஆறு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். 12 மணி நேரத்துக்கு முன்னால் சொன்னால் வகுப்பு வேறு நாளுக்கு மாறும், அதற்குப் பிறகு சொன்னால் கழியும். மாதத்தில் ஒரு தடவைக்கு மட்டும் விலக்கு. இதை எழுதிக் கொடுத்து, முதல் மாதத்திலேயே ஒருமுறையாவது செயல்படுத்துங்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்று தெரிந்துவிட்டால் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

ஆனால் விதி வரவைக்காது, வீணாவதைத்தான் தடுக்கும். வரவைக்க இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, முன்கூட்டியே ‘இப்படி ஆனால் அப்படி’ என்று பேசிவைப்பது. ‘முயற்சி பண்ணுங்க’ என்பதில் ஒன்றும் இல்லை. ‘ஏழு மணி மீட்டிங் வந்துட்டா, மறுநாள் காலை ஆறரைக்கு 20 நிமிஷம்’ என்று நேரத்தோடு, அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து ஆராய்ந்துவரும் முறை இது. வெறும் எண்ணத்தைவிட, எப்போது, எங்கே என்று கட்டிவைத்த திட்டம் நிறைவேற வாய்ப்பு அதிகம் என்று பல சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

இரண்டாவது, அந்த 20 நிமிட வகுப்பை உண்மையிலேயே தயாராக வைத்திருப்பது. உட்கார்ந்து எழுவது ஒன்று, தள்ளுவது ஒன்று, இழுப்பது ஒன்று: ஸ்க்வாட், புஷ்-அப், லாட் புல்டவுன். ஒவ்வொன்றும் மூன்று செட். முழு வகுப்பு இல்லையென்றால் ஒன்றுமே இல்லை என்ற எண்ணம்தான் வராமல் இருப்பதற்குச் சாக்கு.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று கிளையண்டிடம் சொல்லாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாற நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இடையில் ஒருநாள் விட்டதால் பெரிய பாதிப்பு இல்லை. ஆகவே ‘ஒருநாள் விடலாம், அடுத்தடுத்து இரண்டு விடக்கூடாது’ என்பதை விதியாக வையுங்கள்.

இரண்டு வாரம் காணாமல் போனவருக்கு ‘ஏன் வரலை?’ என்று அனுப்பினால் பதில் வராது. ‘வியாழன் 6.30 உங்க ஸ்லாட் காலியா இருக்கு. எல்லாத்தையும் பாதியாக் குறைச்சு எழுதி வெச்சிருக்கேன், 30 நிமிஷம்தான்’ என்று அனுப்புங்கள். வந்த அன்று செட்டைப் பாதியாக்கி, எடையை முன்பு தூக்கியதில் 70–80 சதவீதம் வையுங்கள். விட்ட நாளுக்குத் தண்டனையாக பர்ப்பி (குனிந்து, கால் நீட்டிப் படுத்து, எழுந்து குதிப்பது) போடவைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அவர் மறுபடியும் வரமாட்டார்.

கேள்வி: புரட்டாசியில் அசைவம் இல்லை, கார்த்திகையில் மாலை. செப்டம்பர் முதல் பொங்கல் வரை பாதி ஆட்கள் பிரேக் எடுக்கிறார்கள். இதற்கு வழி உண்டா?
– டிரெய்னர், சேலம்

காலண்டர் ஜூலையிலேயே உங்கள் கையில் இருக்கிறது. பிறகு ஏன் ஒவ்வொரு வருடமும் அதிர்ச்சி?

புரட்டாசியில் பலருக்கு உள்ள பயம், சிக்கன் இல்லாவிட்டால் தசை கரைந்துவிடும் என்பது. 50 கிராம் உலர்ந்த மீல் மேக்கரில் சுமார் 25 கிராம் புரதம், 100 கிராம் பனீரில் சுமார் 18, வெந்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் சுமார் 14. நவராத்திரி பெரும்பாலும் புரட்டாசியில்தான் வரும். சுண்டல் வீடு தேடி வரும் மாதம் அது. ஆவணிக் கடைசியிலேயே இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மாலை போட்டவர்களுக்கு நடைமுறைச் சிக்கல்கள் வேறு. வெறுங்காலோடு இருப்பார்கள். வெறுங்காலில் ஸ்க்வாட் போடுவதில் தப்பில்லை. பிளேட் காலில் விழுவதுதான் ஆபத்து. அதனால் அந்த 41 நாளும் மெஷின், கேபிள், ரெசிஸ்டன்ஸ் பேண்ட், உடல் எடைப் பயிற்சிகள். காலையிலும் மாலையிலும் குளித்துப் பூஜை இருப்பதால், வகுப்பைக் குளிப்பதற்கு முன்னால் வருகிற மாதிரி மாற்றுங்கள். ஒருவேளை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு எடையைக் கூட்டாதீர்கள். இருப்பதைக் காப்பாற்றினால் போதும்.

அதைவிட முக்கியம், அந்த மலையையே இலக்காக்குவது. பம்பையிலிருந்து சன்னிதானம் வரை சுமார் 5 கி.மீ. ஏற்றம். ‘சாமி, நீலிமலையில மூச்சு வாங்காம ஏறணும், அதுக்கு ஆறு வாரம் இருக்கு’ என்று சொல்லிப் பாருங்கள், பிரேக் பேச்சே வராது. 20 செ.மீ. பெட்டியில் ஸ்டெப்-அப், காலுக்கு 12 வீதம் மூன்று செட்டில் தொடங்கி, வாரா வாரம் ஒரு செட் கூட்டி ஐந்து வரை போகலாம். ஏறுவதோடு நிறுத்தாமல், பெட்டியிலிருந்து மூன்று விநாடி எடுத்து மெதுவாக இறங்கவும் பழக்குங்கள். தொடை வலி மலை இறங்கும்போதுதான் பிடிக்கும். திருவண்ணாமலை 14 கி.மீ. கிரிவலம், அலிபிரியின் 3,550 படிகள், பழனி பாதயாத்திரை என எல்லாவற்றுக்கும் இதே மாதிரி திட்டம் போடலாம். ‘ஃபிட் ஆகணும்’ என்ற இலக்குக்குத் தேதி கிடையாது, இவற்றுக்கு உண்டு.

கேள்வி: 61 வயது அம்மா. மகன் வெளிநாட்டிலிருந்து பணம் கட்டிச் சேர்த்துவிட்டிருக்கிறார். அவருக்குத் துளியும் விருப்பமில்லை. முழங்கால் வலி, சர்க்கரை வேறு.
– பெண் டிரெய்னர், தஞ்சாவூர்

சர்க்கரையின் கெடுதல் பற்றி வகுப்பு எடுக்காதீர்கள், மகன் போனில் அதைத்தான் செய்கிறார். வில்லியம் மில்லரும் ஸ்டீஃபன் ரோல்னிக்கும் உருவாக்கிய ஆலோசனை முறையில் ஒரு கேள்வி உண்டு. ‘இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்மா, பத்துக்கு எத்தனை?’ அவர் ‘மூணு’ என்றால், ‘ஏன் பத்து இல்லை?’ என்று கேட்கக்கூடாது. கேட்டால் வராததற்கான காரணங்களை அடுக்குவார். ‘ஏன் ஒண்ணுன்னு சொல்லாம மூணுன்னு சொன்னீங்க?’ என்று கேளுங்கள். ‘கோயில்ல தரையில உட்கார்ந்தா எழ முடியலை’ என்பது மாதிரி ஏதாவது வரும். அந்த வாக்கியம்தான் உங்கள் பயிற்சித் திட்டம்.

அதை அளக்கவும் முடியும். சுவரோடு ஒட்டிய கைப்பிடியில்லாத நாற்காலி, கை இரண்டும் மார்பில் குறுக்காக, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார்கிறார் என்று எண்ணுங்கள். முதல் நாள் 7 என்று வைத்துக்கொள்வோம்; நாலு வாரம் கழித்து 10 வந்தால் அந்த எண்ணை மகனுக்கு அவரே போனில் சொல்லட்டும். முழங்கால் வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள்.

தொடங்கும் முன் டாக்டர் அனுமதி கட்டாயம். இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரை எடுப்பவர் என்றால் வெறும் வயிற்றில் வகுப்பு வேண்டாம், கைக்கெட்டும் இடத்தில் குளுக்கோஸ் இருக்கட்டும். சிலவகை ரத்த அழுத்த மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாது. அதனால் ஸ்மார்ட் வாட்சை நம்பாமல், பயிற்சியின்போது பேச முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு வாக்கியம் பேச முடிய வேண்டும்.

கேள்வி: பெண் கிளையண்டுகள் ஷோல்டர் பிரஸ்ஸில் (தோளிலிருந்து தலைக்கு மேலே எடையைத் தூக்குவது) 5 கிலோவிலேயே மாதக்கணக்கில் நின்று சலித்துப்போகிறார்கள். மனத்தடையா?
– டிரெய்னர், நாகர்கோவில்

டம்பெல் தடை. உங்கள் ரேக்கில் 5-க்கு அடுத்தது 7.5 தானே? அது ஒரே தாவலில் 50 சதவீதம் கூடுதல். 50 கிலோ ஸ்க்வாட் போடுகிறவரை அடுத்த நாள் 75 போடச் சொல்வீர்களா? 6, 7 கிலோ டம்பெல் வாங்கச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். பார்பெல்லுக்கு 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி, அதிகச் செலவில்லை. வாங்கித் தரவில்லையென்றால் ரெப்ஸில் ஏறுங்கள்: 5 கிலோவில் மூன்று செட்டும் 15 வந்தபிறகு, 7.5-ஐ எடுத்து ஒரே ஒரு செட் 5 அல்லது 6 ரெப்ஸ், மீதி இரண்டு செட் பழைய 5 கிலோவில். இரண்டு, மூன்று வாரத்தில் இரண்டாவது செட்டையும் 7.5-க்கு மாற்றிவிடலாம்.