1, 2, 4, 8, 16 வரிசையில் அடுத்த எண் 31 என்கிறார்கள். இப்படி எதிர்பாராத விடை வரும் எண் புதிர்களை எப்படிப் போடுவது?

கேள்வியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, உங்களையும் யாரோ இதை வைத்து மடக்கியிருக்கிறார்கள். நீங்கள் 32 என்று சொல்லியிருப்பீர்கள், எதிரே இருந்தவர் 31 என்று சொல்லிவிட்டு, ஏன் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருப்பார். எனக்கு நடந்தது அதுதான். அதனால்தான் கைவேலையைப் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை, கணக்கு எழுதுவது என் வேலை, அவ்வளவுதான். கீழே இருப்பதெல்லாம் நானே தாளில் போட்டுப் பார்த்தவை. "போட்டித் தேர்வில் 32 என்று எழுதினால்தான் மதிப்பெண் கிடைக்கும்" என்று யாராவது சொல்ல வருவீர்கள் என்றால், அது எனக்கும் தெரியும். தேர்வில் வேறு குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் நானும் 32தான் எழுதுவேன். இங்கே கேட்டிருப்பது வேறு.

ஒரு வேலைக்கான நேர்காணல் அது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இருந்தவர் ஒரு தாளில் இந்த ஐந்து எண்களையும் எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டு என் பக்கம் திருப்பினார். நான் யோசிக்கக்கூட இல்லை, 32 என்றேன். "31" என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். எப்படி சார் என்று கேட்டதற்கு, "வட்டத்துல புள்ளி வச்சு கோடு போட்டுப் பாருங்க, தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் அவர்கள் கேட்ட எதற்கும் என் வாயிலிருந்து ஒழுங்காகப் பதில் வரவில்லை.

அன்று இரவே போட்டுப் பார்த்தேன். வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேர்கோட்டால் இணைத்தால் வட்டம் எத்தனை துண்டாகிறது என்பதுதான் கணக்கு. ஒரு புள்ளி என்றால் கோடே இல்லை, வட்டம் முழுசாக 1. இரண்டு புள்ளிக்கு 2 துண்டு, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. சரி, ஆறாவதுக்கு வருவோம் என்று காம்பஸை எடுத்தேன். வட்டம் போட்ட அதே அளவில் விளிம்பைச் சுற்றி வெட்டிக்கொண்டே வந்தால் சரியாக ஆறு புள்ளி விழும், பள்ளியில் படித்ததுதான். ஸ்கேல் வைத்து 15 கோடுகளையும் போட்டு, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் பென்சிலால் எண் எழுதினேன். 30 வந்தது! மறுபடி எண்ணினேன், 30தான். 32ம் இல்லை, அந்த மனிதர் சொன்ன 31ம் இல்லை. தப்பான விடையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்களே என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மறுநாள் காலையில் அக்கா அந்தத் தாளைப் பார்த்தாள். "ஏன்டி, நடுவுல மூணு கோடும் ஒரே இடத்துல முட்டுது பாரு. ஒரு புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வையேன்" என்றாள். தள்ளி வைத்துப் போட்டேன். மூன்று கோடும் இப்போது ஒரே இடத்தில் முட்டவில்லை. அவற்றுக்கு நடுவே ஒரு சின்ன முக்கோணம் திறந்திருந்தது, அரிசி மணி அளவுகூட இருக்காது, பென்சில் முனையால் உள்ளே ஒரு புள்ளிதான் வைக்க முடிந்தது. அதுதான் 31வது துண்டு. அதைப் பார்த்த நிமிஷம் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

ஏன் 31 என்பதற்குக் காரணமும் எளிமையானதுதான். தொடக்கத்தில் 1 துண்டு. ஒவ்வொரு கோடும் ஒரு துண்டைக் கூட்டும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு இடமும் இன்னொன்றைக் கூட்டும். ஆறு புள்ளிக்கு 15 கோடு. எந்த நான்கு புள்ளியை எடுத்தாலும் உள்ளே ஒரு வெட்டு விழும், அப்படி 15 வெட்டு. 1 + 15 + 15 = 31. ஐந்து புள்ளிக்கு 1 + 10 + 5 = 16. ஏழுக்கு 1 + 21 + 35 = 57. முதல் ஐந்தும் இரட்டிப்பாவதுபோல் தெரிவது ஏன் என்று பாஸ்கல் முக்கோணத்தைப் பார்த்தால் விளங்கும். ஓரங்களில் 1 எழுதி, நடுவில் வரும் ஒவ்வொரு இடத்திலும் மேல் வரியில் அருகருகே உள்ள இரண்டு எண்களின் கூட்டலை எழுதிக்கொண்டே போகும் அடுக்கு அது. துண்டுகளின் எண்ணிக்கை என்பது அந்தந்த வரியின் முதல் ஐந்து எண்களின் கூட்டுத்தொகைதான். 1, 4, 6, 4, 1 என்ற வரியில் ஐந்தே எண் இருப்பதால் முழுசாக 16 கிடைக்கிறது. அடுத்த வரி 1, 5, 10, 10, 5, 1. அதில் கடைசி 1 மட்டும் சேராமல் போகிறது, 32 வரவேண்டிய இடத்தில் 31 வந்து நிற்கிறது.

அந்த வேலை கிடைக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. கிடைக்கவில்லை என்று ஒரு வரி அனுப்பியிருக்கலாம். ஒரு நாள் விடுப்பு போட்டு, இரண்டரை மணி நேரம் வெளியே காத்திருந்து போய்விட்டு வந்தவளுக்கு, மூன்று வாரம் போனையே பார்த்துக்கொண்டு இருந்தவளுக்கு, தேர்வாகவில்லை என்று ஒரு மின்னஞ்சல் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? ஆள் எடுக்கும் இடங்களில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவு செய்து அந்த ஒரு வரியை அனுப்புங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெறும் ஐந்து எண்ணைக் கொடுத்து அடுத்தது என்ன என்றால், ஒரே விடைதான் உண்டு என்று யாராலும் நிரூபிக்க முடியாது. 1, 2, 3, 4 அடுத்து 29 என்று நான் சொல்வேன். எந்த எண்ணையும் எடுங்கள், அதிலிருந்து 1, 2, 3, 4 ஆகியவற்றைத் தனித்தனியே கழித்து, கிடைக்கும் நான்கையும் பெருக்கி, எடுத்த எண்ணையே கூட்டுங்கள். முதல் நான்கு எண்களுக்கும் பெருக்கல் பூஜ்யமாகிவிடும், ஐந்துக்கு 24 + 5 = 29. இதே வழியில் 29க்குப் பதில் எந்த எண்ணை வேண்டுமானாலும் கொண்டுவரலாம். ஐந்து எண் என்ன, நாற்பது எண்கூட ஏமாற்றும். ஒரு எண்ணை அதற்கடுத்த எண்ணால் பெருக்கி 41 கூட்டுங்கள். 0 முதல் 39 வரை வருவதெல்லாம் பகா எண்கள். 40இல் 40 × 41 + 41, அதாவது 41 × 41, உடைந்துபோகிறது.

அதனால் நான் முதலில் பார்ப்பது, இந்த எண்கள் எங்கிருந்து வந்திருக்கும் என்பதைத்தான். வடிவத்தை எண்ணியதா, இலக்கங்களை வைத்துச் செய்ததா, வகுத்திகளா? 496இன் வகுத்திகளை எழுதினாலும் 1, 2, 4, 8, 16, 31 என்றுதான் வரும், ஆனால் அடுத்தது 62. இலக்கங்களின் கூட்டுத்தொகையைச் சேர்த்துக்கொண்டே போனால் 16க்கு அடுத்தது 16 + 1 + 6, அதாவது 23. கூட்டல் பெருக்கல் எதுவும் பிடிபடாவிட்டால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 1, 11, 21, 1211, 111221 என்ற வரிசை அப்படித்தான் பிடிபடும். ஒவ்வொன்றும் முந்தையதைப் பார்த்துச் சொல்வது: ஒரு ஒன்று, இரண்டு ஒன்று, ஒரு இரண்டு ஒரு ஒன்று. கணிதவியலாளர் ஜான் கான்வே இதை ஆராய்ந்தார். எவ்வளவு தூரம் போனாலும் இதில் 4 என்ற இலக்கமே வராது.

குடும்பக் குழுவில் சுற்றும் 1 + 4 = 5, 2 + 5 = 12, 3 + 6 = 21, 8 + 11 = ? என்பதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். முந்தைய விடையைச் சேர்த்துக் கூட்டினால் 40, இரண்டையும் பெருக்கி முதல் எண்ணைக் கூட்டினால் 96. எங்கள் வீட்டில் இதற்காக இரண்டு பேர் ஒரு வாரம் பேசவில்லை. நடுவில் விட்டுப்போன 4 + 7, 5 + 8, 6 + 9, 7 + 10 வரிகளையும் எழுதிப் பாருங்கள், 40 என்று சொன்னவரின் முறையிலேயே 32, 45, 60, 77, கடைசியில் 96 வந்துவிடும். விட்ட வரிகளை நிரப்பிப் பார்ப்பதும் நல்ல வழிதான்.

கணிதவியலாளர் நீல் ஸ்லோன் 1964இல் சேர்க்கத் தொடங்கிய எண் வரிசைத் தொகுப்பு இப்போது OEIS என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. கையில் உள்ள எண்களை அங்கே தட்டிப் பாருங்கள். ஐந்து எண்ணுக்கு எத்தனை விதமான தொடர்ச்சி வருகிறது என்று பார்த்தாலே, 32 சொன்னதற்காக நீங்கள் கூனிக்குறுக வேண்டியதில்லை என்பது தெரியும்.

அப்புறம், அந்த வட்டத்தை நீங்களே ஒருமுறை போடுங்கள். பெரிதாகப் போடுங்கள், புள்ளிகளைச் சமதூரத்தில் வைக்காதீர்கள், பென்சிலை நன்றாகச் சீவிக்கொள்ளுங்கள். 30 வந்தால் பதறாமல் நடுவில் பாருங்கள், மூன்று கோடு எங்கேயாவது ஒன்றாக முட்டிக்கொண்டிருக்கும்.