மே மாதமே ராஜினாமா லெட்டர் கொடுக்கலாமா, ஜூன் வரை பொறுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 31 வயது. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் 2021 ஆகஸ்ட் 16 முதல் வேலை பார்க்கிறேன். பிடித்தங்களுக்கு முன் மாதச் சம்பளம் 84,000 ரூபாய், அதில் பேசிக் 42,000. சென்னையில் ஒரு கம்பெனியில் 1,05,000 ரூபாய்க்கு ஆஃபர் வந்திருக்கிறது, ஜூன் 15-ல் சேரச் சொல்கிறார்கள். இங்கே நோட்டீஸ் 90 நாள். மீதி நாளுக்குப் பிடிக்கும் பணத்தைத் தாங்களே கொடுத்துவிடுவதாகப் புது கம்பெனியில் சொல்கிறார்கள். ஆண்டு போனஸ் 90,000 ரூபாய் மே சம்பளத்தோடு 29-ஆம் தேதி வரும். அம்மாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் செய்ய வேண்டும், அவர் என் கம்பெனி இன்சூரன்ஸில்தான் இருக்கிறார். வீட்டுக் கடன் தவணை 24,000. மே முதல் வாரமே லெட்டர் கொடுத்துவிடலாமா? கூட வேலை பார்த்த ஒருவர் எதுவும் சொல்லாமலே நின்றுவிட்டார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடியில் புது வேலையில் சேர வேண்டாம் என்று அம்மா வேறு சொல்கிறார்.

பதில்: மே மாதம் கொடுக்காதீர்கள். மே 29 வெள்ளிக்கிழமை போனஸ் உங்கள் கணக்கில் ஏறட்டும், அதைக் கண்ணால் பார்த்த பிறகு ஜூன் 1 திங்கள்கிழமை காலையில் கொடுங்கள். புது கம்பெனியிடம் செப்டம்பர் 1 கேளுங்கள். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு மாத அவசரத்தில் உங்கள் கையை விட்டுப் போகக்கூடிய பணம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

என் சொந்த அனுபவம் ஒன்று. இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்த்தேன். மார்ச் 20-ஆம் தேதி வாக்கில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை லெட்டரைக் கொடுத்தேன். போனஸ் மார்ச் 31-ல் வர வேண்டியது, ஆண்டு முழுக்க உழைத்தாயிற்று, எப்படியும் தருவார்கள் என்று நம்பியிருந்தேன். மனிதவளப் பிரிவில் இருந்த பெண் அதிகாரி கோபப்படவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, என் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து நான்காம் பக்கத்தைத் திருப்பி ஒரு வரியில் பேனாவை வைத்துக் காட்டினார். போனஸ் வழங்கும் நாளில் பணியில் இருக்க வேண்டும், ராஜினாமா கொடுத்திருக்கவும் கூடாது. அதில் நானேதான் கையெழுத்துப் போட்டிருந்தேன். பதினோரு நாள் பொறுத்திருந்தால் அந்தப் பணம் எனக்கு. அன்றிலிருந்து வேலை மாறப்போகிறேன் என்று யார் வந்தாலும் முதலில் அந்த ஆர்டரைத்தான் கேட்கிறேன், நீங்களும் இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். போனஸ் பற்றிய வரியையும், நோட்டீஸ் நாள் குறைந்தால் பேசிக்கில் பிடிப்பார்களா மொத்தச் சம்பளத்தில் பிடிப்பார்களா என்ற வரியையும் பாருங்கள்.

அந்த இரண்டாவது வரி பெரிய வித்தியாசம் தரும். மே முதல் தேதி கொடுத்து ஜூன் 15-ல் கிளம்பினால் 45 நாள் பாக்கி. பேசிக்கில் என்றால் 63,000 ரூபாய், மொத்தச் சம்பளத்தில் என்றால் 1,26,000. சில கம்பெனிகள் இதற்கு மேல் ஜிஎஸ்டியும் போட்டுக்கொண்டிருந்தன. 2022 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கையில் நோட்டீஸ் பணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டார்கள், உங்களிடம் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, அதைத்தான் புது கம்பெனி கொடுக்கிறதே என்பீர்கள். கொடுக்கும். ஆனால் அது உங்கள் சம்பளமாகத்தான் கணக்கில் வரும், அதற்கு வரி உண்டு. நீங்கள் புதிய வரி முறையில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். ஜூன் 15-ல் சேர்ந்தால் இந்த நிதியாண்டில் பழைய இடத்தில் 2,10,000, புது இடத்தில் 9,97,500, ஆக 12,07,500. சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைக்கும் நிலைக் கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) 75,000 போக 11,32,500. 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரி கிடையாது. இதோடு அந்த 1,26,000 சேர்ந்தால் 12,58,500 ஆகிவிடும். 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டுகிறவர்களுக்கு, தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாது என்று ஒரு சலுகை இருக்கிறது. ஆனால் தாண்டிய 58,500 முழுவதுமே வரியாகப் போய்விடும், வரியின் மேல் போடும் செஸ்ஸும் சேர்த்தால் 60,840. அதாவது பழைய கம்பெனிக்கு 1,26,000 கொடுத்துவிட்டு, புது கம்பெனி தந்ததில் சுமார் 65,000-தான் உங்கள் கையில் நிற்கும். பழைய இடத்தில் பிடித்த பணத்தை வருமானத்தில் கழிக்க வருமான வரித் தீர்ப்பாயம் அனுமதித்த வழக்குகள் உண்டுதான், ஆனால் அதற்கு நீங்கள் வரித்துறையோடு வாதாட வேண்டிவரும். போதாததற்கு, இப்படிக் கொடுக்கும் கம்பெனிகள் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வைக்கும்.

இப்போது செப்டம்பர் 1-ஐப் பாருங்கள். ஐந்து மாதம் பழைய சம்பளம் 4,20,000, ஏழு மாதம் புதுச் சம்பளம் 7,35,000, போனஸ் 90,000, மொத்தம் 12,45,000. நிலைக் கழிவு போக 11,70,000. வரி பூஜ்யம். வங்கி வட்டி போன்ற வேறு வருமானம் 30,000-க்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டரை மாதம் தள்ளிச் சேர்வதால் நீங்கள் இழப்பது மாதம் 21,000 வீதம் 52,500. அவசரப்பட்டால் இழப்பது போனஸ் 90,000, வரி 60,000 வரை. எது பெரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது கிராச்சுட்டி, தமிழில் பணிக்கொடை, ஐந்து வருடம் வேலை பார்த்தவர் விலகும்போது கம்பெனி கொடுக்க வேண்டிய தொகை. நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் பழைய இடத்திலிருந்து உங்களுக்கு வர வேண்டியதில் இது போனஸைவிடப் பெரிய தொகை. நோட்டீஸில் வேலை பார்க்கும் நாள்களும் சர்வீஸ்தான், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜூன் 1-ல் கொடுத்தால் 90 நாள் ஆகஸ்ட் 30-ல் முடியும், ஆகஸ்ட் 15-ஓடு உங்களுக்கு ஐந்து வருடம் முடிந்திருக்கும். கடைசியாக வாங்கிய பேசிக்கை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து வருடங்களால் பெருக்க வேண்டும். 1972 சட்டத்தில் இருந்த இந்தக் கணக்கு புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியேதான் இருக்கிறது. உங்களுக்கு 1,21,154 ரூபாய் வரும், வரியும் இல்லை. ஜூனிலேயே கிளம்பினாலும் உங்களுக்கு உரிமை உண்டு, ஐந்தாவது ஆண்டில் 240 நாள் முடித்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-லேயே சொல்லியிருக்கிறது, உங்களுக்கு அது ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. ஆனாலும் முழுசாக ஐந்து வருடம் ஆகவில்லை என்று கைவிரிக்கும் கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்து அலைய வேண்டும். சட்டம் நம் பக்கம் இருப்பது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. இரண்டு மாதம் கூடுதலாக இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஆடி விஷயத்தில் அம்மா சொல்வதும் என் கணக்கும் ஒத்துப்போகிறது. செப்டம்பர் 1 ஆவணியில்தான் வருகிறது. புது கம்பெனி அவ்வளவு நாள் பொறுக்காது என்றால், ஜூலை 15 என்று பேசிப் பாருங்கள், அதுவும் ஆடி பிறப்பதற்கு முன்தான். அப்போதும் லெட்டர் ஜூன் 1-க்கு முன் வேண்டாம். போனஸ் கைக்கு வந்துவிடும், நோட்டீஸ் பணமும் வரியும் கிராச்சுட்டி பற்றிய அந்தப் பேச்சும்தான் பாரமாக இருக்கும், அந்தப் பாரத்தைக் காட்டிச் சேரும்போது கொஞ்சம் கூடுதலாகக் கேளுங்கள். 90 நாள் நோட்டீஸில் இருப்பவரை எடுக்கும்போது காத்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்ததுதான். எந்தத் தேதிக்கு ஒத்துக்கொண்டாலும் அந்தத் தேதி போட்ட ஆஃபர் லெட்டர் கைக்கு வரட்டும். ஃபோனில் சொன்னதை நம்பி இங்கே ராஜினாமா கொடுக்காதீர்கள்.

லெட்டரை எப்படிக் கொடுப்பது என்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதலில் மேலாளரிடம் நேரில் சொல்லுங்கள், அவருக்கு வேறு யார் மூலமாகவும் தெரிய வேண்டாம். அன்றைக்கே மின்னஞ்சல். இன்று ஜூன் 1, ஒப்பந்தப்படி 90 நாள், என் கடைசி வேலை நாள் இது, பெற்றுக்கொண்டதாகப் பதில் தரவும். அவ்வளவு போதும். காரணம், குறை எதுவும் எழுத வேண்டாம். கம்பெனி இணையதளத்தில் ராஜினாமா பட்டன் இருந்தால் அதிலும் அதே தேதியைப் போடுங்கள், கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். உங்கள் சம்பளச் சீட்டுகள், பழைய படிவம் 16 (வரிப் பிடித்தச் சான்று), காப்பீட்டுத் தாள்கள் எல்லாவற்றையும் லெட்டர் கொடுப்பதற்கு முன்பே சொந்த மெயிலுக்கு எடுத்துவைத்துவிடுங்கள், லேப்டாப் போன பிறகு ஒரு தாளுக்காகக் கெஞ்ச வேண்டிவரும்.

சொல்லாமல் நின்றவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். இன்னும் ஆகவில்லை, அவ்வளவுதான். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் அடுத்தடுத்த இடங்களில் பின்னணி விசாரணை வரும்போது பதில் சொல்ல வேண்டியிருக்கும், பி.எஃப். கணக்கில் விலகிய தேதி ஏறாமல் பணம் மாற்றுவதும் இழுத்தடிக்கும். உங்களுக்கு அந்த வழி வேண்டவே வேண்டாம். பி.எஃப். பணத்தையும் எடுக்காதீர்கள், அதே யுஏஎன்-இல், அதாவது உங்கள் நிரந்தர பி.எஃப். எண்ணில், புது கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், பத்து வருட சர்வீஸ் சேர்ந்தால்தான் பின்னால் ஓய்வூதியம். பழைய இடத்துச் சம்பள விவரத்தைப் புது கம்பெனியிடம் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கம்பெனியும் தனித்தனியாக நிலைக் கழிவைக் கழித்துக்கொண்டு, கணக்குத் தாக்கல் செய்யும் நேரத்தில் குழப்பமாகிவிடும்.

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளில் கொடுத்தாக வேண்டும். கிராச்சுட்டிக்கு 30 நாள். கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, கேளுங்கள். ஆனால் தவணைக்கு அதை நம்பாதீர்கள். இரண்டு மாதத் தவணை 48,000-த்தைப் போனஸ் பணத்திலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள், மீதியை வீட்டுச் செலவுக்கு வையுங்கள்.

அம்மா விஷயத்தைக் கடைசியில் வைத்தது அது சின்னது என்பதால் அல்ல. லெட்டர் கொடுத்த அன்றே, நோட்டீஸ் எல்லாம் வேண்டாம், இன்றைக்கே கிளம்பலாம் என்று சொல்லும் கம்பெனிகள் உண்டு. குழு காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும், உங்களுக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கும். புது கம்பெனியில் பெற்றோரைச் சேர்ப்பார்களா என்றே நீங்கள் இன்னும் கேட்கவில்லை. வெளியே புதிதாகத் தனிப் பாலிசி எடுத்தால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் இரண்டு வருடம் காத்திருக்கச் சொல்வார்கள், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று வருடம் வரை. இப்போதைய காப்பீட்டு நிறுவனத்திலேயே குழு பாலிசியிலிருந்து தனிப் பாலிசிக்கு மாறும் வசதி இருக்கிறது, இங்கே இருந்த வருடங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அது அம்மாவின் பிற்காலத்துக்கு. இந்த ஆபரேஷன் லெட்டருக்கு முன் நடக்க வேண்டும்.

லட்சக்கணக்கில் ஆகும் சிகிச்சை இது. வீடு திரும்பிய பிறகு பிசியோதெரபி, மருந்து என்று இரண்டு மாதம் பில் வந்துகொண்டிருக்கும், அதையும் நீங்கள் வேலையில் இருக்கும்போதே கொடுத்து வாங்கிவிட்டால் நல்லது. அதனால் நாளைக்கே மருத்துவரிடம் போய் மே இரண்டாவது வாரத்தில் ஒரு தேதி கேளுங்கள், ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான முன் அனுமதியை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் அன்றைக்கே போடச் சொல்லுங்கள். அவர்கள் கொடுக்கும் தேதி ஜூனுக்குத் தள்ளிப்போனால், உங்கள் லெட்டரும் அவ்வளவு நாள் தள்ளிப்போகட்டும்.