இருட்டுக்கு எவ்வளவு செலவு?

வாசகர் கேள்வி–பதில். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 1940களிலிருந்து 1960கள் வரை அமெரிக்காவில் சிக்கனமாக எடுக்கப்பட்ட குற்றப் படங்களையும் திகில் படங்களையும் பற்றியவை.

'டீடூர்' (1945) படத்தை இணையத்தில் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் மூடுபனி, சில காட்சிகளில் காரின் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது. ஆறே நாளில் எடுத்தார்களாமே, அந்த அவசரம் நன்றாகத் தெரிகிறது. இதை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?
– வாசகி, கோயம்புத்தூர்

ஆறு நாள் என்பது இயக்குநர் எட்கர் உல்மர் பிற்காலத்தில் பேட்டியில் சொன்ன கணக்கு. தயாரிப்பு ஆவணங்கள் அதைவிடக் கூடுதல் நாட்களையும் கூடுதல் பணத்தையும் காட்டுகின்றன. ஆனாலும் தயாரித்த பி.ஆர்.சி. ஹாலிவுட்டின் மிக ஏழ்மையான நிறுவனங்களில் ஒன்று. கை இறுக்கம் உண்மைதான்.

ஸ்டியரிங் விஷயத்தைக் கவனித்தீர்களே, அதற்கு ஒரு பாராட்டு. நம் ஊர்ச் சாலைக்குப் பழகிய கண்ணுக்கு அது எளிதில் உறுத்தாது. கதாநாயகன் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு லிஃப்ட் கேட்டுக்கொண்டே போகிறான். வரைபடத்தில் அது வலமிருந்து இடம். சில ஷாட்களில் வண்டிகள் எதிர்த்திசையில் போவதாகத் தெரிந்ததால், மறுபடி எடுக்காமல் நெகட்டிவையே புரட்டிப் போட்டுப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். திசை சரியானது, ஸ்டியரிங் வலப்பக்கம் வந்துவிட்டது, வண்டிகளும் சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன.

மூடுபனி நியூயார்க் தெருவுக்குப் பதிலாக வந்தது. தெரு செட் போடக் காசில்லை. புகையைப் பரப்பி, விளக்கையும் பெயர்ப்பலகையையும் காட்டி, இருவரை நடக்கவிட்டார்கள். கதாநாயகன் பழையதை நினைக்கத் தொடங்கும் உணவகக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். சுற்றி உள்ள வெளிச்சம் குறைந்து கண்களின் மேல் மட்டும் ஒளி விழும். மேசையில் இருக்கும் காபிக் கோப்பை திடீரென்று பூதாகரமாகத் தெரியும். அதற்கென்றே பெரிதாகச் செய்த கோப்பை அது. அவன் மனம் பிசகத் தொடங்குகிறது என்று சொல்ல உல்மருக்கு ஒரு விளக்கும் ஒரு கோப்பையும் போதுமானதாக இருந்தன.

நான் கொண்டாடுவது நாயகியாக நடித்த ஆன் சாவேஜை. அவர் வருவதற்கே பாதிப் படம் ஓடிவிடும். வந்த பிறகு கதை ஒரு வாடகை வீட்டுக்குள் சுருங்குகிறது: இரண்டு பேர், ஒரு தொலைபேசி, ஒரு மதுப்புட்டி. செலவுக் கணக்கில் படத்தின் மிக மலிவான பகுதி அதுவாகத்தான் இருக்கும், மூச்சு முட்டுவதும் அங்கேதான். அவசரமாக எடுத்த படத்தில் அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் இவ்வளவு துல்லியமாக அமையாது. 2018இல் மீட்டெடுக்கப்பட்ட பிரதியில் இன்னொரு முறை பாருங்கள், பிறகு எழுதுங்கள்.

இந்தப் படங்கள் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு தரத்தில் கிடைக்கின்றன. நல்ல பிரதியை எப்படி அடையாளம் காண்பது?
– வாசகர், மதுரை

ஏன் இத்தனை பிரதிகள் என்பதை முதலில் பார்த்துவிடலாம். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளியாகி 28ஆம் ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும். சிறு நிறுவனங்கள் பல அதற்குள் மூடப்பட்டன அல்லது மறந்துவிட்டன. 'டி.ஓ.ஏ.' (1950) அப்படிப் பொதுச்சொத்தானது. ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) கதை இன்னும் வேதனையானது. முதலில் வைத்த தலைப்பு வேறு. விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது பழைய தலைப்பு அட்டையில் இருந்த காப்புரிமை வரியும் சேர்ந்து போய்விட்டது. அந்த வரி இல்லாமல் வெளியிட்டால் உரிமை இல்லை என்பது அன்றைய விதி. எடுத்தவர்களுக்கு வரவேண்டிய பணம் எவர் எவர் பைக்கோ போனது.

உரிமையாளர் இல்லாத படத்தைத் தேய்ந்த 16 மி.மீ. பிரிண்டிலிருந்து யார் வேண்டுமானாலும் பதிவு செய்து விற்கலாம், விற்றார்கள். பிரதியின் பிரதி எடுக்க எடுக்க நடுச் சாம்பல் நிறங்கள் காணாமல் போகும்: முகம் வெள்ளைத் திட்டு, நிழல் மைக்கறை. நிழலை நம்பி எடுத்த படத்துக்கு இது உயிர்ச்சேதம்.

எனவே முதலில் நிழலைப் பாருங்கள். கறுப்புக் கோட்டின் மடிப்பு தெரிந்தால் நல்ல பிரதி. அடுத்தது படத்தின் அகல–உயர விகிதம். 1953க்கு முந்தைய ஹாலிவுட் படம் ஏறக்குறைய சதுரமாக, 1.37:1 அளவில் இருக்க வேண்டும். திரையை முழுக்க நிரப்பினால் தலையையும் காலையும் வெட்டியிருக்கிறார்கள், அல்லது இழுத்திருக்கிறார்கள். மூன்றாவது, ஓடும் நேரம். ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கான 'பால்' (PAL) முறை டிவிடியில் நொடிக்கு 24 சட்டகம் 25 ஆக ஓடும். 68 நிமிடப் படம் 65 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் சற்றுக் கீச்சென்று ஒலிக்கும். வண்ணம் பூசிய பதிப்பு என்றால் தொடவே வேண்டாம். ரொமேரோ படத்துக்கு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் 2016இல் செய்த மீட்டெடுப்புதான் சரியான பிரதி.

'கேட் பீப்பிள்' (1942) சுத்த ஏமாற்று. சிறுத்தை வரும், வரும் என்று பயமுறுத்திவிட்டுப் பேருந்தைக் காட்டுகிறார்கள்!
– வாசகர், யாழ்ப்பாணம்

கோபம் புரிகிறது, ஒப்புக்கொள்ள முடியவில்லை. தயாரிப்பாளர் வால் லூட்டனுக்கு ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ போட்ட கட்டளை: தலைப்பை நாங்கள் தருவோம், ஒரு படத்துக்கு 1,50,000 டாலருக்கு மேல் ஆகக்கூடாது. சிறுத்தையாக மாறும் பெண்ணை வேடம் போட்டுக் காட்டியிருந்தால் இன்று நாம் சிரித்திருப்போம்.

அந்தப் பூங்காச் சாலைக் காட்சியைக் கண்ணை மூடிக் கேளுங்கள். பின்னணி இசை கிடையாது. இரண்டு ஜோடிக் காலடிகள். பின்தொடர்வது நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் விளக்கடியில் நின்று திரும்பிப் பார்க்கிறாள். நம் கவனம் அவள் பார்க்கும் பக்கம் போகும்போது சீறலோடு பேருந்து வந்து நிற்கிறது. அந்தச் சீறல் ஒரு நொடி மிருகமாகக் கேட்பதுதான் தொகுப்பாளர் மார்க் ராப்சனின் கெட்டிக்காரத்தனம். இதற்குப் பிறகு இப்படித் தூக்கிவாரிப்போடும் உத்திக்கே 'பஸ்' என்று அந்தக் குழு பெயர் வைத்துக்கொண்டது. இன்றைய படங்கள் அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டன, முன்னால் இருந்த அமைதியை விட்டுவிட்டன. ஆகவேதான் பலிப்பதில்லை.

சிறுத்தை நேரிலேயே வந்து மிரட்டும் அலுவலகக் காட்சியும் உண்டு. ஸ்டூடியோ வற்புறுத்தியதால் சேர்த்தது. படத்தின் பலவீனமான இடம் அதுதான் என்பேன்.

கறுப்பு வெள்ளைக் குறும்படம் எடுக்கிறோம். இரவுக் காட்சியெல்லாம் புள்ளி புள்ளியாக வருகிறது. ரத்தத்துக்கு ரொமேரோ போலச் சாக்லேட் சிரப் பயன்படுத்தலாமா?
– கல்லூரி மாணவர்கள், சென்னை

புள்ளிகளுக்குக் காரணம், குறைந்த வெளிச்சத்தில் எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெளிச்சத்தைக் கூட்டுவது. அறை முழுதும் லேசாக வெளிச்சம் தந்தால் எல்லாமே சேறாகும். ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்டன் 'டி-மென்' (1947) போன்ற படங்களில் தலைகீழாகச் செய்தார்: ஒரு சிறு பகுதிக்கு வலுவான ஒளி, மற்றதை அப்படியே கறுப்பாக விட்டுவிடுவது. நீங்களும் ஒரே விளக்கை நடிகருக்குப் பின்னால், பக்கவாட்டில், தலைக்கு மேலே வையுங்கள். முகத்தின் ஒளிபட்ட பாதி சரியான அளவிலிருந்து ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்) மட்டும் குறைவாக இருக்கட்டும். கேமராவின் ஒளியுணர்திறன் (ஐ.எஸ்.ஓ.) 800ஐத் தாண்டாமல் முயலுங்கள், ஷட்டர் 1/50 வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் துடிக்காது. தெருவாக இருந்தால் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி நனையுங்கள். ஈரத் தரை ஒளியைத் திருப்பித் தரும். பின்னணியில் கொஞ்சம் சாம்பிராணிப் புகை இருந்தால் ஆள் கோட்டுருவமாகப் பிரிந்து தெரிவார்.

சிரப் தாராளமாகப் பயன்படுத்தலாம். கெட்டியானது, மெதுவாக வழியும். கறுப்பு வெள்ளையில் பளபளப்பும் வழியும் வேகமும்தான் ரத்தம் என்று நம்பவைக்கின்றன. வண்ணத்தில் எடுத்துப் பிறகு மாற்றுவதாக இருந்து, சிவப்புச் சாயம் பூசினால் ஒரு சிக்கல் உண்டு: படத்தின் சிவப்பு நிறப் பங்கை (சிவப்புச் சானலை) உயர்த்தினால் ரத்தம் பால் போல் வெளுத்துவிடும். முகத்தைப் பிரகாசமாக்க அதைத்தான் பலர் உயர்த்துகிறார்கள். சிரப்பில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. வெளியே எடுத்தால் எறும்பு வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962): நாயகியைத் தவிர எல்லோரும் மரம் மாதிரி நடிக்கிறார்கள்.
– வாசகி, பெங்களூரு

உண்மை. இயக்குநர் ஹெர்க் ஹார்வி கான்சாஸில் கல்விப் படங்களும் தொழில்துறைப் படங்களும் எடுத்தவர், நடிகர்களில் பலர் உள்ளூர்க்காரர்கள். பயிற்சி பெற்ற கேண்டஸ் ஹில்லிகாஸ் அவர்களுக்கு நடுவே ஒட்டாமல் நிற்கிறார். அவர் நடிக்கும் பெண் எந்த ஊரிலும் ஒட்டாதவள் என்பதுதான் கதை. படம் முழுக்க ஒலிக்கும் ஆர்கன் இசையும் கைவிடப்பட்ட சால்ட்டேர் கேளிக்கை மண்டபமும் மீதி வேலையைச் செய்துவிடுகின்றன.

வில்லியம் கேஸில் படங்கள் பார்க்கத் தகுந்தவையா?
– வாசகர், சேலம்

கூட்டத்தோடு என்றால் ஆம். திகில் பட இயக்குநரான அவர் 'தி டிங்ளர்' (1959) ஓடிய அரங்குகளில் சில நாற்காலிகளின் அடியில் அதிரும் மோட்டார் பொருத்தினார். வீட்டில் தனியே பார்த்தால் அந்த இடத்தில் ஒரு வெற்றிடம்தான் மிஞ்சும்.

புதிதாகத் தொடங்குகிறவர் எதை முதலில் பார்க்கலாம்?
– வாசகர், பினாங்கு

'கன் கிரேஸி' (1950). வங்கிக் கொள்ளைக் காட்சியில் கேமரா காரின் பின்னிருக்கையை விட்டு நகராது. ஊருக்குள் நுழைவது முதல் தப்பிப்பது வரை ஒரே ஷாட். வங்கியின் உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டவே மாட்டார்கள், உள்ளரங்கம் கட்டும் செலவும் மிச்சம். அடுத்து 'கேட் பீப்பிள்', பிறகு 'டீடூர்'. பார்ப்பதற்கு முன் தொலைக்காட்சியின் அமைப்பில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், படத் தெரிவை 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்று வையுங்கள். அறை விளக்கையும் அணையுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள்.