பிணையில் வந்தவரை ‘விடுதலையானவர்’ என்று சொல்லலாமா?

மட்டக்களப்பில் ஒருவர் பிணையில் வீட்டுக்கு வந்தாலே “ஆள் விடுதலையாம்” என்ற கதை சந்தி வரைக்கும் போய்விடும். ஆனால் அது விடுதலை இல்லை.

வழக்கை விசாரித்து முடித்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தால்தான் அது விடுதலை. பிணை என்பது, வழக்கு முடியும் வரை விளக்கமறியலுக்கு வெளியே இருக்கக் கிடைக்கும் அனுமதி மட்டும். படுவான்கரைப் பக்கம் மாட்டை நீளக் கயிற்றில் மேய விடுவார்களே, அதைப் போல. சுற்றித் திரியலாம், முளைக்கம்பு அங்கேயே இருக்கும்.

சரி, குற்றம் சாட்டப்பட்டவரை ஏன் வெளியே விடவேண்டும்? குற்றம் நிரூபிக்கப்படும் வரை எவரும் நிரபராதி என்றே கருதப்பட வேண்டும். 1978 அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரை சொல்வது அதுதான். 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டமும் பிணை வழங்குவதையே பொது விதியாகவும், மறுப்பதை விதிவிலக்காகவும் வைத்திருக்கிறது. (பயங்கரவாதத் தடைச் சட்டம் போன்றவற்றின் கீழ் வரும் வழக்குகளின் கதை வேறு.)

நீதிமன்ற வாசலில் மாமனோ மச்சானோ அடையாள அட்டையும் கிராம உத்தியோகத்தரின் கடிதமுமாக நிற்பது சரீரப் பிணைக்கு, அதாவது ஆள் தவணைக்கு வருவார் என்று தான் பொறுப்பேற்பதற்கு. அதில் கையெழுத்து வைப்பது சும்மா உதவி இல்லை. ஆள் தவணைக்கு வராமல் ஓடினால், பிணைப் பத்திரத்தில் எழுதிய தொகையைக் கையெழுத்து வைத்தவரிடமே அறவிடலாம்.

அப்புறம், ரொக்கப் பிணையாகக் கட்டும் காசைப் பலர் தண்டப்பணம் என்று நினைக்கிறார்கள். அது வைப்புப் பணம்தான். நிபந்தனைகளை மீறாவிட்டால் வழக்கு முடிந்ததும் திரும்பப் பெறலாம், பற்றுச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.