பிக்கப் டிரக்கில் ஸ்னோமொபைல்: டெயில்கேட் தாங்குமா?

கேள்வி: என்னிடம் பின்னால் ஆறரை அடிச் சரக்குத் தொட்டி உள்ள பெரிய பிக்கப் டிரக் இருக்கிறது. 137 அங்குல ட்ராக் உள்ள பழைய ஸ்னோமொபைல் (பனியில் ஓட்டும் வண்டி) ஒன்று வாங்கப்போகிறேன். டிரெய்லர் இல்லாமல் தொட்டியிலேயே ஏற்றிப் போகலாமா? தொட்டியின் பின்கதவான டெயில்கேட் மூடாது என்கிறார்கள். திறந்தபடி ஓட்டினால் அது உடைந்துவிடாதா?

பதில்: தாராளமாக ஏற்றிப் போகலாம். டெயில்கேட் மூடாது என்பதும் உண்மைதான். எட்டு அடித் தொட்டி வைத்திருப்பவருக்கும் மூடாது, அதனால் அதை நினைத்து வருத்தப்பட வேண்டாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 137 அங்குலம் என்பது வண்டியின் நீளம் அல்ல. ட்ராக் என்கிற அந்த ரப்பர் பட்டையை வெட்டித் தரையில் நீட்டிப் போட்டால் வரும் நீளம் அது. வண்டி முன்னிருந்து பின்வரை சுமார் பத்தேகால் அடி, அதாவது 123 அங்குலம் இருக்கும். உங்கள் தொட்டி 78 அங்குலம். மிச்சம் 45 அங்குலத்தில் ஏறக்குறைய பாதி, திறந்து கிடக்கும் டெயில்கேட்டின் மேல் வந்துவிடும். அதற்கும் அப்பால் நீட்டிக்கொண்டிருப்பது பின் பம்பரும், தொங்கும் ரப்பர் ஃப்ளாப்பும்தான். அந்தரத்தில் நிற்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது, எடை அங்கே இல்லை.

எடை இறங்குவது, முன்னால் பனியில் சறுக்கும் பட்டைகளான இரண்டு ஸ்கீயிலும், ட்ராக்கின் தரையைத் தொடும் பகுதியிலும். அந்தப் பகுதியின் பின்பக்கம் உங்கள் டெயில்கேட்டில் உட்காரும். நின்ற நிலையில் அந்தச் சுமையை நல்ல டெயில்கேட் தாங்கும். குழியில் விழுந்து எழும்போதுதான் சோதனை. ஆகவே டெயில்கேட்டைப் பிடித்திருக்கும் இரண்டு பக்கக் கம்பிவடங்களையும் பாருங்கள். பிளாஸ்டிக் உறை வெடித்திருந்தாலோ, முனையில் இழைகள் துருப்பிடித்திருந்தாலோ முதலில் அவற்றை மாற்றுங்கள். அடுத்தது, நான்குக்கு எட்டு அடி ப்ளைவுட் பலகை, முக்கால் அங்குலக் கனத்தில். பெரிய டிரக்கின் சக்கர மேடுகளுக்கு நடுவே நான்கு அடி தாராளமாக இறங்கும். பலகை தொட்டியிலிருந்து ஒன்றரை அடி டெயில்கேட்டின் மேல் நீளும்போது சுமையும் பரவும், ஸ்கீயின் அடியில் உள்ள கார்பைடு கம்பிகள் தொட்டியைக் கீறுவதும் நிற்கும். உங்கள் டெயில்கேட் பல துண்டாக மடங்கும் புது ரகமா? அப்படியானால் டிரக்கின் கையேட்டில் அதன் எடை வரம்பைப் பார்க்காமல் எதையும் ஏற்றாதீர்கள்.

அகலம் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. சிறிய பிக்கப் வைத்திருப்பவர்களுக்குத்தான் தொல்லை. சாதாரண வண்டியின் ஸ்கீகள் அங்கே சக்கர மேடுகளின் மேல் ஏறி நிற்கும். எடையும் அப்படித்தான்: இரண்டு ஸ்ட்ரோக் வண்டி பெட்ரோலோடு கால் டன்னை ஒட்டி வரும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கரில் ஆட்களும் சரக்கும் சேர்த்து எவ்வளவு என்று போட்டிருக்கும், ஒருமுறை கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் உண்மையில் பயப்படுவது சாலையில் போகும் நேரத்துக்கு அல்ல, ஏற்றும் அந்த அரை நிமிடத்துக்கு.

என் முதல் வண்டியை ஏற்றியபோது, சாய்வுப் பலகையான ரேம்ப்பை டெயில்கேட்டில் சும்மா சாய்த்து வைத்திருந்தேன். ட்ராக் ரேம்ப்பைப் பிடித்து ஏறத் தொடங்கியதும் ரேம்ப்பைப் பின்னால் உதைத்துத் தள்ளிவிட்டது. ஸ்கீகள் தொட்டியில், ட்ராக் தரையில், நடுவில் டெயில்கேட்டின் விளிம்பு. டெயில்கேட் இன்றும் நெளிந்துதான் இருக்கிறது. ரேம்ப்போடு வரும் பட்டைகள் அலங்காரத்துக்கு அல்ல. டிரெய்லர் மாட்டும் ஹிட்ச்சிலோ, டிரக்கின் அடிச்சட்டத்திலோ இறுகக் கட்டுங்கள். ரேம்ப் எட்டு அடிக்குக் குறைய வேண்டாம். டெயில்கேட் மூன்று அடி உயரத்தில் இருந்தால் எட்டு அடி ரேம்ப்கூட 22 டிகிரி சாய்வில் நிற்கும், அதுவே செங்குத்துதான். பக்கத்தில் பனிமேடு இருந்தால் டிரக்கை அதை ஒட்டிப் பின்னால் எடுத்து நிறுத்துங்கள். பாதி வேலை முடிந்தது.

ஸ்னோமொபைலுக்குக் கியர் கிடையாது, பெல்ட் கிளட்ச்தான். எஞ்சின் குறிப்பிட்ட வேகத்துக்கு வரும்வரை வண்டி அசையாது, வந்தவுடன் துள்ளும். கொஞ்சம் த்ராட்டில் கொடுத்துப் பார்த்து, நகரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் கொடுத்தவர்கள்தான் டிரக்கின் பின்கண்ணாடியை உடைத்தவர்கள். வழுக்கும் பிளாஸ்டிக் விரிப்பு போட்ட தொட்டியில் பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்காது, சறுக்கிக்கொண்டே போகும். தொட்டியின் முன்சுவரை ஒட்டி ஒரு கனமான மரக்கட்டையைக் குறுக்கே போடுங்கள். எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றைச் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். பின்னால் யாரும் நிற்கக் கூடாது, தள்ளிவிடுகிறேன் என்று வரும் மைத்துனர் உட்பட.

முதல் தடவை என்றால் ஓட்டியே ஏற்ற வேண்டாம் என்பேன். தொட்டியின் முன்பக்கம் கயிற்றைச் சுற்றி இழுக்கும் ஒரு கை வின்ச்சைப் பொருத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு மெதுவாக இழுங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சரி, ஏற்றியாயிற்று. நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டைகள் நான்கு வேண்டும். முன்னால் இரண்டு, ஸ்கீ முனை வளையங்களிலிருந்து தொட்டியின் முன் கொக்கிகளுக்கு. பின்னால் இரண்டு, பின் பம்பரிலிருந்து தொட்டியின் பின் கொக்கிகளுக்கு. டெயில்கேட்டில் எதையும் கட்டாதீர்கள், ஹேண்டில்பாரிலும் வேண்டாம். சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கும் அளவு இறுக்கினால் போதும். பட்டை வாங்கும்போது அறுபடும் எடையைப் பார்க்காதீர்கள். வேலைச் சுமை என்று தனியாகப் போட்டிருக்கும், அது பெரும்பாலும் அறுபடும் எடையில் மூன்றில் ஒரு பங்குதான்.

பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் வால்வை மூடிவிடுங்கள். வழியெல்லாம் குலுங்கினால் எரிபொருள் எஞ்சினுக்குள் கசிந்து நிரம்பி, போய் இறங்கியதும் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும். டெயில்கேட் திறந்திருப்பதால் பின் கேமரா தரையைத்தான் காட்டும், கூரையில் உள்ள பிரேக் விளக்கையும் வண்டி மறைக்கலாம். நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள். கிளம்பிப் பதினைந்து நிமிடத்தில் ஓரம்கட்டிப் பட்டைகளைத் தொட்டுப் பாருங்கள். ஸ்கீக்கு அடியில் ஒட்டியிருந்த பனி உருகியோ உதிர்ந்தோ போயிருந்தால் அவை தளர்ந்திருக்கும்.

இறக்கும்போது பலர் கோட்டை விடுவது பின் ஃப்ளாப்பில். ரிவர்ஸில் வரும்போது அது ட்ராக்குக்கு அடியில் மாட்டி உள்ளே இழுபட்டுக் கிழியும். சின்னக் கயிற்றால் அதை மேலே மடக்கிப் பம்பரோடு கட்டிவிட்டு இறக்குங்கள். தரைக்கு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள். ட்ராக் வாரியடிக்கும் பனியை மேலே குளிர்விப்பான் பக்கம் திருப்பிவிடுவது அந்த ஃப்ளாப்தான். கட்டியபடியே ஓட்டினால் சில கிலோமீட்டரில் எஞ்சின் சூடேறி விளக்கு எரியும்.