வான்கோழி கோஷரா? விருந்துக்கு வாங்கும் முன்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் மகளின் தோழி குடும்பத்தைத் தேங்க்ஸ்கிவிங் எனும் அமெரிக்க நன்றித் திருநாளின் வான்கோழி விருந்துக்கு அழைத்திருக்கிறேன். அவர்கள் யூதர்கள், தங்கள் மதத்தின் உணவு விதியான கோஷர் முறையைக் கவனமாகப் பின்பற்றுபவர்கள். வான்கோழி அமெரிக்கப் பறவை. அவர்கள் வேதத்தில் அதன் பெயரே இருக்காதே, சாப்பிடுவார்களா? வழக்கமாக வாங்கும் ஹலால் கடையிலேயே வாங்கிவிடலாமா?

பதில்: சாப்பிடுவார்கள். ஆனால் ஹலால் கடையில் வாங்காதீர்கள்.

வேதத்தில் பெயர் இருக்காதே என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வி யூத அறிஞர்களையே நெடுங்காலம் யோசிக்க வைத்தது. விலங்கு என்றால் பிளவுபட்ட குளம்பு இருக்க வேண்டும், அசை போட வேண்டும். மீன் என்றால் துடுப்பும் செதிலும் வேண்டும். யூதர்களின் வேதமான தோரா இப்படி அடையாளம் சொல்லிவிடுகிறது. பறவைக்கு மட்டும் அப்படி எதுவும் சொல்லவில்லை. தோராவின் லேவியராகமம் 11, உபாகமம் 14 இரண்டிலும் விலக்கப்பட்ட பறவைகளின் பட்டியல்தான் உண்டு. யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதின் கணக்குப்படி 24 வகை. அந்தப் பழைய எபிரேயப் பெயர்களில் பல, எந்தப் பறவையைக் குறித்தன என்பது இன்று உறுதியாகத் தெரியாது. தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பு சில அடையாளங்களைத் தந்தது: இரையைப் பாய்ந்து பிடிக்கக் கூடாது, காலில் கூடுதல் விரல் வேண்டும், தீனிப்பை வேண்டும், அரைவைப்பையின் உள்தோல் உரிந்து வர வேண்டும். அப்படியும், நல்லது என்று நம்பிச் சாப்பிட்டு வந்த ஒரு சதுப்புநிலக் கோழி இரையைப் பாய்ந்து பிடிப்பதைப் பிற்பாடு கண்டு விலக்கிய செய்தி தல்மூதிலேயே இருக்கிறது. அதனால்தான் 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோ நகர ரபி (யூத மதகுரு) மோசே இசர்லெஸ், 'இது உண்ணத்தக்கது' என்று முன்னோர் வழியாக வந்த மரபு இல்லாத பறவையைத் தொடக் கூடாது என்று எழுதினார். அந்த மரபைத்தான் மெசோரா என்கிறார்கள்.

கொலம்பஸுக்கு முன் எந்த யூதரும் பார்த்திராத பறவைக்கு மரபு எங்கிருந்து வரும்? ஆனாலும் வான்கோழி ஐரோப்பாவுக்கு வந்தபின், கேள்வி பெரிதாக எழும் முன்பே, யூதர்களின் மேசைக்கும் வந்துவிட்டது. இந்தியாவிலிருந்து வந்த பறவை என்று பலர் நம்பியதும் ஒரு காரணம். எபிரேயத்தில் அதற்கு இன்றும் 'தர்னெகோல் ஹோடு', அதாவது இந்தியக் கோழி என்றுதான் பெயர். (பைபிளில் சாலமோனின் கப்பல்களில் வந்த 'துக்கி' என்ற மயில், நம் 'தோகை' என்ற சொல்தான் என்று கால்டுவெல் போன்றோர் கருதினார்கள். பறவைப் பெயர்கள் நெடுந்தூரம் போகின்றன!) பின்னால் வந்த ரபிகள், ஊரே உண்டு பழகியதை இனி விலக்க வேண்டியதில்லை என்றார்கள். இன்று இஸ்ரேலில் ஷவர்மாவே பெரும்பாலும் வான்கோழிதான். அதைத் தவிர்க்கும் சில குடும்பங்கள் இன்றும் உண்டு; ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, வாங்குவதற்கு வருவோம். பறவை அனுமதிக்கப்பட்டது என்பதால் எல்லா வான்கோழியும் கோஷர் ஆகிவிடாது. யூத முறைப்படி அறுக்கப் பயிற்சி பெற்ற ஷோஹெட் என்பவர் அறுத்திருக்க வேண்டும், உள்ளுறுப்புகளைப் பார்த்திருக்க வேண்டும். அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பில் வைத்து, இரத்தம் போகக் கழுவியிருக்க வேண்டும். ஹலால் கறியில் இவை நடப்பதில்லை. எனவே பொட்டலத்தில் சான்று முத்திரையைத் தேடுங்கள்: வட்டத்துக்குள் 'யூ', நட்சத்திரத்துக்குள் 'கே' போன்றவை. வெறும் 'கே' எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். தனி எழுத்து யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். 'கோஷர் உப்பு' தூவினாலும் கறி கோஷர் ஆகாது, அது வெறும் கல்லுப்பு. கோஷர் பறவையை வெந்நீரில் முக்கி இறகு எடுப்பதில்லை என்பதால், தோலில் இறகு முளைகள் மிச்சமிருக்கும். கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி சொல்வதைத் தயவுசெய்து கவனியுங்கள். எவ்வளவு நல்ல கோஷர் வான்கோழி வாங்கினாலும், உங்கள் அடுப்பில், உங்கள் பாத்திரத்தில் சமைத்தால் அவர்களால் சாப்பிட முடியாது. முன்பு மற்ற கறி சமைத்த பாத்திரம் அது. நீங்கள் நாள் முழுக்க வெந்து சமைத்து, அவர்கள் தர்மசங்கடத்துடன் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போவது இரு குடும்பத்துக்கும் வேதனை. முதலிலேயே போன் போட்டு, "எப்படிச் செய்தால் உங்களுக்குச் சரியாக இருக்கும்?" என்று கேளுங்கள். கேட்டதற்காகவே மகிழ்வார்கள். கோஷர் சமையல்காரரிடம் சமைத்த உணவை முத்திரையோடு வாங்கி, அவர்கள் முன்னால் பிரித்து, புதுக் காகிதத் தட்டில் பரிமாறலாம். அல்லது முத்திரை பிரிக்காத பறவையைக் கொடுத்து அவர்கள் சமையலறையிலேயே சேர்ந்து சமைக்கலாம். அங்கே தயிரில் ஊறவைப்பதும் நெய் தடவுவதும் கூடாது. இறைச்சியும் பாலும் சேரக் கூடாது. எண்ணெயும் மசாலாவும் அவர்கள் வீட்டில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அவர்களுக்குப் பரிசாகக் காடையோ வாத்தோ வாங்கித் தரலாமா?

பதில்: காடைக்குச் சில சமூகங்களில் மரபு உண்டு, நம்பகமான முத்திரை இருந்தால் வாங்குங்கள். வாத்தில்தான் கவனம் வேண்டும். வழக்கமான வெள்ளை பீக்கின் வாத்து சரி. தென்னமெரிக்காவிலிருந்து வந்த மஸ்கோவி வாத்தை நியூ ஆர்லியன்ஸில் ரபி பெர்னார்ட் இல்லோவி 1860களில் விலக்கினார். அமெரிக்காவில் இன்றும் பலர் அதைத் தொடுவதில்லை, இஸ்ரேலில் சாப்பிடுகிறார்கள். அட்டையில் வாத்தின் இனம் எழுதாவிட்டால் கடைக்காரரைக் கேட்டுவிட்டே வாங்குங்கள்.